தங்கையைத் திரும்பக் கேட்ட வருஷம்

அம்மா உடம்பு தேறி வரப்போகிறாள் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து சொன்னபோது எங்கள் வீட்டில் யாருடைய முகத்திலும் சந்தோஷம் இல்லை. எங்கள் வீடு என்று நான் சொல்வது அம்மாவின் வீட்டை அல்ல. தர்மபுரிக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த, லாந்தர் விளக்கும் பெட்ரோமாக்ஸும் பழுது பார்க்கும் ஒரு முஸ்லிம் பாயின் வீட்டைத்தான் சொல்கிறேன். நானும் தங்கையும் அங்கேதான் வளர்ந்துகொண்டிருந்தோம். அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. தங்கைக்கு நாலு முடியவில்லை.

"டாக்டர் ஒத்துக்கிட்டாருங்க. இனிமே யாருக்கும் ஒட்டாது. அடுத்த வாரம் வந்து புள்ளைங்களைப் பாக்கறேன்னு சொல்லியிருக்கு" என்றார் நர்ஸம்மா.

பாயின் மனைவி, நான் சின்னம்மா என்று கூப்பிடுகிறவள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "நல்லதுங்க" என்றாள். அப்புறம், முறத்தைப் பார்த்தபடியே, "பாக்கத்தானே வராங்க?" என்று கேட்டாள்.

நர்ஸம்மா எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பென்னாகரத்தைத் தாண்டி, காட்டு ஓரத்தில் இருந்தது. மழையை நம்பிக் கேழ்வரகு விதைக்கிற ஊர். அப்பா கூலிக்குக் கிணறு வெட்டப் போனார். ஒருநாள் பக்கவாட்டு மண் சரிந்து அவரை மூடிவிட்டது. தங்கை அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அவள் பிறந்து தவழ ஆரம்பித்தபோது அம்மாவுக்கு இருமல் வந்தது. இருமலோடு ரத்தம் வந்த அன்று எங்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தர்மபுரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காசநோய் என்றார்கள். மலையடிவாரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் மாசக்கணக்கில் தங்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்திலேயே வரக் கூடாது என்றார்கள்.

பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்லயும் சின்னப் புள்ளைங்க இருக்குது. நோவு ஒட்டிக்கிச்சுன்னா யாரு பாக்கறது?" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். எங்களுக்கு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து நோய் இல்லை என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அநாதை விடுதியில் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள், தவழ்கிற குழந்தையை எடுக்க மாட்டார்கள். நர்ஸம்மாவுக்குத்தான் அந்தப் பாயின் மனைவி ஞாபகத்துக்கு வந்தாள். குழந்தை தங்காமல் திரும்பத் திரும்ப அதே ஆஸ்பத்திரியில் வந்து படுத்து, வெறும் கையோடு வீட்டுக்குப் போனவள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்த மனைவியும் கணவரும் வந்து நின்றார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தூரத்தில் தூணோடு நின்றாள்.

"பொட்டு வெச்சு வுடணும்" என்றாள் அம்மா.

"வெக்கிறங்க்கா."

"பெரியவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்."

"அனுப்பறங்க்கா."

"என்னை மறக்க வுட்டுடக் கூடாது."

இதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பில் இருந்த என் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர்தான் முந்திக்கொண்டு சொன்னார்: "இது அமானிதம்மா. ஒருத்தர் நம்பிக் குடுத்து வெச்ச பொருளுக்கு நாங்க அப்படித்தான் சொல்லுவோம். நீ கேக்கற அன்னிக்குத் திருப்பிக் குடுத்துருவோம். உடம்பைப் பாத்துக்க."

அன்றைக்கு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தபடி நான் அவர்களைச் சின்னம்மா, சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

சின்னம்மா வாக்குத் தவறவில்லை. அவள் நெற்றியில் ஒருநாளும் பொட்டு இருந்ததில்லை. ஆனால் தினமும் காலையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, சாந்துச் சீசாவில் விரலைத் தொட்டு நெற்றியில் வைத்துவிடுவாள். கோணலாக வந்தால் துடைத்துவிட்டு மறுபடியும் வைப்பாள். சந்தில் யாரோ சிரித்தார்கள் என்று சித்தப்பா வந்து சொன்னபோது, "சிரிச்சா சிரிக்கட்டும். அக்காவுக்குச் சொல்லியிருக்கேன்" என்றாள். என்னை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். எங்களுக்குப் பழக்கம் என்று களி கிளறக் கற்றுக்கொண்டாள்.

ஆனால் தங்கை பேச ஆரம்பித்தபோது அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். "நான் சின்னம்மாடா" என்று அவள் ஆரம்பத்தில் திருத்தினாள். அப்புறம் திருத்துவதை விட்டுவிட்டாள்.

ஒருமுறை நர்ஸம்மா என்னை மட்டும் மலையடிவார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மா தாழ்வாரத்துக்குள் நின்றாள், நான் வெளியே மண்ணில் நின்றேன். நடுவில் மரச் சட்டத் தடுப்பு இருந்தது. அம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது.

"பாப்பா நடக்கறாளா?"

"ஓடுறாம்மா."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பேசறாளா?"

"பேசறா."

"யாரை அம்மாங்கறா?"

நான் நர்ஸம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களைத்தாம்மா" என்றேன்.

அம்மா தடுப்பைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் வெளியே இருந்த புளியமரத்தையே பார்த்தாள். பிறகு, "சரி. கூப்பிடறதுக்கு ஒருத்தி வேணுமில்ல" என்றாள். 

இதெல்லாம் நடந்து முடிந்து, அம்மா குணமாகி வந்த நாளுக்கு வருகிறேன்.

அவள் நர்ஸம்மாவோடு சந்துக்குள் நுழைவதைச் சின்னம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். தங்கைக்கு அவசரமாகத் தலை வாரினாள். பொட்டு வைத்தாள். அது நீளமாக இழுபட்டுவிட்டது. துடைக்க நேரம் இல்லை.

அம்மா உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "உள்ள வாங்கக்கா" என்று சின்னம்மா கூப்பிட்டதற்கு, "இருக்கட்டும். இங்கயே காத்து நல்லா வருது" என்றாள். தண்ணீர் கொடுத்தபோது, பையிலிருந்து தன்னுடைய அலுமினிய டம்ளரை எடுத்து அதில் ஊற்றச் சொன்னாள். "அதெல்லாம் வேண்டாம், உனக்கு நோய் போயிடுச்சு" என்று நர்ஸம்மா அதட்டினார். அம்மா டம்ளரைத் திரும்பப் பைக்குள் வைக்கவில்லை.

நான் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் என்னை அணைத்தாள். மூச்சு என்மேல் படக் கூடாதாம்.

தங்கை சின்னம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் இருந்தாள். "இங்க வா பாப்பா" என்று அம்மா கை நீட்டினாள். தங்கை சின்னம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். "போடா கண்ணு, யாரு வந்திருக்காங்க பாரு" என்று சின்னம்மா வாயால் சொன்னாளே தவிர, அவளுடைய கை தங்கையின் தலையை விடவில்லை. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையிலிருந்து சித்தப்பா வந்தார். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "எப்பம்மா கூட்டிட்டுப் போற?" என்று நேராகவே கேட்டார்.

"வெள்ளிக்கெழம வரேங்கண்ணா. புள்ளைங்களோட பெரியப்பா ஊருக்கு வரச் சொல்லிட்டாரு." அம்மா தரையைப் பார்த்தாள். "தீட்டுப் போக ஒகேனக்கல்லு ஆத்துல புள்ளைங்களைத் தலை முழுகவெச்சுக் கூட்டிட்டு வரணுமாம். அப்புறம் இந்த வூட்டுப் பக்கம் யாரும் வரக் கூடாதுன்னு சொல்றாரு. நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவரு சொல்றதைச் சொன்னேன்."

சின்னம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

 அந்த வாரம் முழுக்கச் சின்னம்மா தங்கையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. சித்தப்பா ஒருமுறை, "மனசைத் தயார் பண்ணிக்க. வாக்குக் குடுத்துட்டோம்" என்றார். "நீங்கதான் குடுத்தீங்க. நான் குடுக்கல" என்றாள் சின்னம்மா. அவள் சொன்னது உண்மைதான். தாழ்வாரத்தில் அம்மா கடைசியாகக் கேட்டதற்கு அவள் வாய் திறக்காமல் நின்றது எனக்கு அப்போதுதான் மறுபடியும் கண்முன் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பியபோது, பச்சைச் சேலை கட்டியிருந்த சின்னம்மா என்னைக் கூப்பிட்டு, பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னிவிட்டாள். "மத்தியானமே வந்துரு. அம்மா வந்துருவாங்க" என்றாள். அப்படித்தான் நானும் மத்தியானமே ஓடி வந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எங்களுக்கென்று வாங்கி வந்த புதுப் பாவாடைகள் ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தன.

"எங்க போயிருக்காங்க?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலம்மா."

நான் கடைக்கு ஓடினேன். சித்தப்பா ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த பூட்டு அப்படியே நின்றது. கடையைத் திரும்பச் சாத்திவிட்டு வேகமாக வந்தார். தன்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்தார். கொடியில் தங்கையின் உடுப்புகள் ஒன்றுகூட இல்லை. என்னுடையவை எல்லாம் மடித்து ஒரு பக்கம் அடுக்கியிருந்தன.

அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பெரியவளை மட்டும் எனக்கு வுட்டுட்டுப் போயிருக்கா" என்றாள். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"பொம்மிடியில அவ அண்ணன் வூடு இருக்குது. அங்கதான் போயிருப்பா" என்றார் சித்தப்பா. "வாங்க."

பொம்மிடி பஸ்ஸில் நாங்கள் மூவரும் ஏறினோம். கடத்தூர் வரைக்கும் உட்கார இடம் இல்லை. அம்மா கம்பியைப் பிடித்து நின்றாள். இருமல் வந்தபோது வாயை மூடிக்கொண்டு குனிந்தாள். பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று தன் குழந்தையை மறுபுறம் மாற்றிக்கொண்டாள். "தூசிம்மா, வெறும் தூசி" என்று அம்மா அவளிடம் சொன்னாள். சித்தப்பா வழி முழுக்க உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டே வந்தார்.  தங்கை கிடைக்கவில்லை என்றால் அம்மா என்ன ஆவாள் என்று நினைத்தேன். கிடைத்துவிட்டால் சின்னம்மா என்ன ஆவாள் என்றும் நினைத்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்க என்னால் முடியவில்லை.

பொம்மிடியில் அண்ணன் வீட்டு வாசலிலேயே அவர் எதிர்ப்பட்டார். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இங்க வந்தாளா?"

"வந்துச்சு, மச்சான். சோறு தின்னுட்டு அப்பவே ஸ்டேஷனுக்குப் போயிருச்சு. வாணியம்பாடிக்கு, பெரிய தங்கச்சி வூட்டுக்குப் போறேன், நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னுச்சே?"

சித்தப்பா அப்படியே திரும்பினார். ஸ்டேஷன் பக்கமாக வண்டி வருகிற சத்தம் கேட்டது.

நாங்கள் ஓடினோம். அம்மாவால் ஓட முடியவில்லை. கொஞ்ச தூரம் ஓடி, வேலிக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மார்பு விம்மி விம்மித் தணிந்தது. நானும் நின்றேன். "என்னைப் பாக்காத. நீ ஓடு" என்று கையை ஆட்டினாள்.

நான் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தபோது ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற பாசஞ்சர் வந்து நின்றிருந்தது. மூட்டை ஏற்றுபவர்களும் கூடைக்காரிகளும் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாக ஒரே நெரிசல். சித்தப்பா ஒரு பெட்டியில் ஏறி உள்ளே தேடிக்கொண்டே போனார். நான் வெளியே ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்து, "பாப்பா! பாப்பா!" என்று கத்தினேன். யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். எத்தனையோ குழந்தைகள் என்னைப் பார்த்தன. ஒரு ஜன்னலில் பச்சைச் சேலையும் முக்காடும் தெரிந்தன. கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். வேறு யாரோ.

விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. சித்தப்பா ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துத் தடுமாறி நின்றார். கடைசிப் பெட்டியும் போய்விட்டது. அதன் சத்தம் குறையக் குறைய நான் அழ ஆரம்பித்தேன். அம்மா அப்போதுதான் பிளாட்பாரத்துக்கு வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

கூட்டம் கலைந்து பிளாட்பாரம் காலியானது. அப்போதுதான் கோடியில், தண்ணீர்க் குழாயைத் தாண்டிப் புங்கமரத்தடியில், ஒரு துணி மூட்டையும் பச்சைச் சேலையும் தெரிந்தன. சின்னம்மா கீழே உட்கார்ந்திருந்தாள். தங்கை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

தங்கைதான் முதலில் என்னைப் பார்த்தாள். எழுந்து ஓடி வந்தாள். "அக்கா வந்துருச்சு!" என்று கத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, அக்கா வந்துருச்சு. இப்பப் போலாமா?" என்றாள்.

சின்னம்மா எழுந்திருக்கவில்லை. எங்களைப் பார்க்கவும் இல்லை. "ஏறத்தான் வந்தேன்" என்றாள். "வண்டி வந்து நின்னுச்சு. அக்கா எங்கன்னு கேட்டுட்டு, அக்கா வராம நானும் வரலைன்னு உக்காந்துக்குச்சு. தூக்கினேன், கடிச்சுருச்சு." முழங்கையைக் காட்டினாள். பல் பதிந்திருந்தது. "பெரியவளை அவங்களுக்கு வுட்டுட்டா நியாயமாயிரும்னு நெனச்சேன். ஆளுக்கு ஒண்ணு."

சித்தப்பா கையை ஓங்கினார். அவர் கை ஓங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா நடுவில் வந்துவிட்டாள்.

"வேண்டாங்கண்ணா. புள்ளை பாக்குது."

அவர் கையை இறக்கிக்கொண்டு தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றார். அவர் தோள் குலுங்கியது.

அம்மா சின்னம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.  ஸ்டேஷன் ஆள் ஒருவர் வந்து எங்களை விசாரித்துவிட்டு, குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

"உம்மேல எனக்குக் கோவம் இல்லைன்னு சொன்னா பொய்யி" என்றாள் அம்மா. "பஸ்ல வரும்போது உன்னை என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் வந்தேன். ஆனா நான் வாணியம்பாடி வரைக்கும் வந்து இவளைப் பிடுங்கிட்டுப் போனாலும் இவ என்கிட்ட இருக்க மாட்டா. தேடித் தேடி அழுது சாவா. அதைப் பாத்துக்கிட்டு நான் எப்படி இருக்கறது?"

சின்னம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

"நான் ஊருக்குப் போகல" என்றாள் அம்மா. "நோவுன்னதும் புள்ளைங்களை மரத்தடியில நிக்க வெச்சுட்டுப் போனவங்க, இப்ப தலை முழுகச் சொல்றாங்க. தர்மபுரியிலயே ஒரு ரூம் பாத்துக்கறேன். உன் சந்துக்குப் பக்கத்துலயே. புளி மண்டியில வேலை கெடைக்கும். புள்ளைங்க எங்கிட்டத்தான் இருக்கணும். ஆனா நீ வரலாம். எப்ப வேணும்னாலும் வரலாம்." அவள் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவ இப்படிப் பண்ணாத" என்றாள்.

"பண்ண மாட்டங்க்கா."

"எம்முகத்தைப் பாத்துச் சொல்லு."

சின்னம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு ரூம் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. காசநோய் என்று தெரிந்ததும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் நர்ஸம்மா தன் பொறுப்பில் பேசி, அடுத்த தெருவில் ஓட்டுக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு வாங்கிக்கொடுத்தார். அம்மா மண்டி முற்றத்தில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்தாள். தங்கை தன்னிடம் பழகும்வரை நாங்கள் சின்னம்மாவிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, சாயங்காலம் கை கழுவிக்கொண்டு அவள் வீட்டு வாசற்படிக்கு வருவாள். தங்கை முதலில் எட்ட நின்று பார்த்தாள். அப்புறம் புளியங்கொட்டை கேட்டு வாங்க அருகில் வந்தாள். வாங்கியதும் ஓடிவிடுவாள்.

"இப்படியே போனா நீ அவளுக்கு விருந்தாளிதான்" என்றார் நர்ஸம்மா. "உன்கிட்டக் கூட்டிட்டு வந்துரு. அழட்டும்."

கூட்டி வந்தோம். அழுதாள். தொண்டை கட்டும்வரை அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். அம்மா சுவரோரமாகத் தனியாகப் படுத்தாள்.

சந்தை கூடும் ஒரு நாளில் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தங்கை இல்லை. தெருவில் மாட்டு வண்டிகளும் லாரிகளும் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தன. அம்மா குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். லாரி ஒன்று பிரேக் போட்டுக் கிறீச்சிட்ட சத்தத்தில் அம்மா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். அடிபட்டிருந்தது ஆட்டுக்குட்டி.

திரும்பி வந்தபோது தெருமுனையில் சின்னம்மா வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் தங்கை. இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னம்மா எங்கள் கொட்டகை வாசலுக்கு வந்து தங்கையை இறக்கப் பார்த்தாள். பிடி விடவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த சின்ன விரல்களைச் சின்னம்மா ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"இதுதான் உன் வூடு."

"இல்ல! நம்ம வூடு அங்க!"

"இதுதான். இவங்கதான் உன் அம்மா. நான் சின்னம்மா."

"நீதான் அம்மா!"

"இல்லடா கண்ணு" என்று சொன்னாள். கீழே இறக்கிவிட்டு, அம்மாவிடம்கூட ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தாள். தங்கை அவள் பின்னால் கத்திய கத்தலுக்கு அக்கம்பக்கத்தார் வெளியே வந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தெருமுனைவரை பின்னாலேயே போனேன். திருப்பத்தில், ஒரு வீட்டுச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "போ. உள்ள போ. அவளைத் தனியா வுடாத" என்று விரட்டினாள்.

தங்கை அன்று எதையும் தின்னவில்லை. மத்தியானம் போய்ப் பொழுது சாய்கிற நேரத்தில், தட்டோடு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டாள்.

"உன்னைப் பெத்தவ."

"பெத்தவன்னா?"

அம்மா யோசித்தாள். "நீ என் வயித்துக்குள்ள இருந்தே. அங்கருந்துதான் வந்தே."

"அப்புறம் ஏன் வுட்டுட்டுப் போயிட்ட?"

 அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலப் பேசினாள். "எனக்கு ஒரு நோவு வந்துச்சு. கிட்ட இருந்தா உனக்கும் வந்துரும்னாங்க. அதான் உன்னை அவங்ககிட்டக் குடுத்தேன். அவங்க நல்லா பாத்துக்கிட்டாங்க."

"இப்பக் கிட்ட வந்தா நோவு வருமா?"

"வராது."

தங்கை அவளையே பார்த்தாள். பிறகு கை நீட்டி, அம்மா எப்போதும் தனியாகவே வைத்திருக்கிற அலுமினிய டம்ளரை எடுத்தாள். அம்மா சட்டென்று பிடுங்கப் போனாள். பாதியில் கை நின்றுவிட்டது. தங்கை அதிலிருந்த தண்ணீரைக் கடகடவென்று குடித்து முடித்துவிட்டு, "வரலையே" என்றாள். அப்புறம் களியைப் பிசைந்து தரச் சொன்னாள்.

அம்மா என்று அவள் கூப்பிட இன்னும் பல மாதங்கள் ஆயின. எப்போது முதலில் கூப்பிட்டாள் என்று எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. வேலை நெருக்கடியில் எப்போதோ நடந்துவிட்டது. சின்னம்மாவை "பாயம்மா" என்று அவளே பெயர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தாள். அந்தப் பெயரை முதல் தடவை கேட்ட பிறகு சின்னம்மா ஒரு வாரம் எங்கள் பக்கம் வரவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மாவும் சின்னம்மாவும் கடைசிவரை சிநேகிதிகள் ஆகவில்லை. ஒருவரைப் பார்த்தால் மற்றவள் முதுகை நிமிர்த்திக்கொள்வாள். தங்கையின் சளி, தங்கையின் படிப்பு, இதைத் தவிர அவர்களுக்குள் பேச்சு கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் தெருவுக்கெல்லாம் கரண்ட் வந்து, சித்தப்பாவின் கடைக்கு வேலை குறைந்தது. அவர்கள் பொம்மிடிக்கே போய், மச்சானோடு சேர்ந்து வியாபாரம் செய்தார்கள். பள்ளிக்கூட லீவுக்குத் தங்கையை அம்மா பஸ் ஏற்றி அனுப்புவாள். பஸ் திரும்பி வருகிற நாளில் மத்தியானத்திலிருந்தே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வராமல் போய்விடுவாளோ என்ற பயம் அவளுக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் சின்னம்மா சொன்ன பஸ்ஸிலேயே அனுப்பிவைத்தாள்.

தங்கை பெரியவளானபோது பெரியப்பா எங்கள் ஊரிலிருந்து சீரோடு வந்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு உறவு முறையைக் காட்ட வந்தார். பொம்மிடியிலிருந்து சின்னம்மாவும் வந்திருந்தாள். பெண்கள் தங்கைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற நின்றபோது அம்மா, "நீ வா, மொதல்ல நீ ஊத்து" என்று சின்னம்மாவைக் கூப்பிட்டாள்.

"அவங்க எதுக்கு?" என்றார் பெரியப்பா. 

"அவங்க இல்லைன்னா இங்க நிக்க வெக்கறதுக்குப் புள்ளையே இல்லைங்க" என்றாள் அம்மா. "ஒத்துக்கலைன்னா நீங்க கெளம்புங்க. சோறு தின்னுட்டே போங்க."

பெரியப்பா கிளம்பவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னம்மா வந்தாள். சொம்பை வாங்கினாள். ஊற்றும்போது கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பந்தி தொடங்குவதற்குள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். தனக்காகப் பந்தியில் சண்டை வரக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

அம்மா சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "பஸ் ஸ்டாண்டுலதான் இருப்பா. ஓடு" என்றாள். இருந்தாள். பொம்மிடி பஸ் வருகிற பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் தூக்குச் சட்டியை மடியில் வைத்ததும் திறந்து பார்த்தாள். சோறு, சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், ஒரு ஓரத்தில் வெல்லம் போட்ட பாயசம். ஒரு வாய் எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அவ சாப்ட்டாளா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல சின்னம்மா. உங்களைத் தேடிக்கிட்டு இருக்கா."

பஸ் வந்து நின்றது. சின்னம்மா பஸ்ஸைப் பார்த்தாள். அப்புறம் தூக்குச் சட்டியை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "வா போலாம்" என்று எனக்கு முன்னால் எங்கள் தெருப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.